வீட்டுப் பந்தலில் விதையில்லாத் திராட்சை: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புதிதாக வைப்பவர்களுக்கு

நம் பக்கம் வீட்டு வாசலில் திராட்சைக் கொடி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அநேகமாக ஒரே குறைதான் வரும். கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது, மூன்று வருடம் ஆயிற்று, நிழலுக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு கொத்துகூட வரவில்லை. மண் சரியில்லை, போர் தண்ணீர் உப்பு, நர்சரியில் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் முக்கால்வாசி வீட்டில் கொடி நட்ட நாளிலிருந்து கத்திரியே பட்டிருக்காது, அல்லது யாரோ தேனிப் பக்கம் கம்பத்தில் விளைகிற, விதையுள்ள பன்னீர் திராட்சைக்கு வெட்டுகிற மாதிரி ஒட்ட வெட்டிவிட்டிருப்பார்கள். விதையில்லா ரகத்துக்கு இரண்டும் ஆகாது.

குளிர் நாடுகளில் இந்தக் கொடி இலையெல்லாம் கொட்டிவிட்டு, பனிக்காலம் முழுக்கத் தூங்கி, வெயில் வந்ததும் தானாகவே மொட்டு வெடித்துக் கொத்தோடு எழும். நம் ஊரில் அதற்குத் தூக்கமே கிடையாது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிர்கூட நமக்குத்தான் குளிர், கொடிக்கு அது பற்றாது. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை நாம்தான் வெட்டி எழுப்ப வேண்டும்: சித்திரையில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று. சித்திரை வெட்டு கிளை வளர்க்க, கார்த்திகை வெட்டு காய் எடுக்க. குழி, உரம், பந்தல், மருந்து என்று கீழே எழுதப்போகிற மற்ற எல்லாமே இந்த இரண்டு வெட்டுக்குத் துணைதான், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ரகமும் கன்றும்

விதையில்லாத் திராட்சைக்கு உள்ளே விதை தொடங்காமல் இல்லை. பூ கருப்பிடிக்கும், விதை உருவாகத் தொடங்கும், கொஞ்ச நாளில் கரு நின்றுபோய், மென்றால் பல்லுக்குத் தெரியாத துணுக்காக மிஞ்சிவிடும். ஆகவே விதை போட்டு வளர்க்கிற பேச்சே இல்லை, குச்சி நடலாம் அல்லது ஒட்டுக்கன்று வாங்கலாம்.

வெள்ளைத் திராட்சையில் தாம்சன் சீட்லெஸ், அதிலிருந்து மகாராஷ்டிராவில் பிரித்தெடுத்த தாஸ் ஏ கணேஷ், சோனாகா ஆகியவை கிடைக்கும். கறுப்பில் ஷரத் சீட்லெஸ் பிரபலம். பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பிளாக் சம்பாவையும் தாம்சனையும் சேர்த்து உருவாக்கிய அர்கா நீலமணி என்ற கறுப்பு ரகமும் உண்டு, அது குழிப்புள்ளி விழும் பறவைக்கண் நோயை ஓரளவு தாங்கும். ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை மாதிரி ஈரமும் குளிரும் உள்ள இடத்தில் முதல் முறை வைப்பவர்கள் கிடைத்தால் நீலமணியே வையுங்கள் என்பேன். தர்மபுரி, பென்னாகரம், அரூர் பக்கத்து வறண்ட வெயிலுக்குத் தாம்சன் வகை பிரச்சினை இல்லாமல் வரும்.

வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். பெங்களூரு ப்ளூ என்கிற விதையுள்ள கறுப்புத் திராட்சையின் இலை அடிப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். தாம்சன் இலையின் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். சீட்லெஸ் என்று சீட்டு எழுதிக் கட்டியிருந்தாலும் அடியில் பஞ்சு இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

குச்சி நட்டு வளர்த்த கன்றா, டாக்ரிட்ஜ் என்ற வேறொரு திராட்சை ரகத்தின் வேரில் ஒட்டுக் கட்டிய கன்றா என்றால், நம் இரண்டு மாவட்டத்துக்கும் ஒட்டுக்கன்றுதான் சரி. போர் தண்ணீர் பல ஊர்களில் கடினமாகவும் உப்பாகவும் இருக்கிறது, உப்பு ஏறினால் முதலில் இலையின் ஓரம் கருகும், அப்புறம் கொடியே இளைத்துப்போகும். டாக்ரிட்ஜ் வேர் உப்பையும் வறட்சியையும் நன்றாகத் தாங்குகிறது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் வருடக்கணக்காகத் தக்காளி போட்ட நிலத்தில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, தக்காளி வேரில் முடிச்சு போடும் நூற்புழு திராட்சை வேரையும் விடாது, டாக்ரிட்ஜ் அதற்கும் ஈடுகொடுக்கும். ஒட்டுக்கன்று வைத்தால் ஒரே ஒரு வேலை கூடுதல்: ஒட்டுக்குக் கீழே இருந்து வருகிற துளிரை வந்த அன்றே கிள்ள வேண்டும். விட்டால் அதுவே கொடியாகி மேலே கட்டியதை அமுக்கிவிடும், அப்புறம் நீங்கள் வாங்கிய ரகம் ஜென்மத்துக்கும் காய்க்காது.

தெரிந்தவர் வீட்டில் நல்ல கொடி இருந்து, தண்ணீரும் நல்ல தண்ணீராக இருந்தால் குச்சியும் போடலாம். கார்த்திகையில் அவர்கள் வெட்டும்போது, பென்சில் கனத்தில் பழுப்பேறிய குச்சியாகப் பார்த்து நான்கு கண் (துளிர் வெடிக்கிற மொட்டு) இருக்கிற மாதிரி துண்டு எடுங்கள். அடியை ஒரு கணுவுக்குக் கீழே நேராகவும் நுனியைச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நட வாய்ப்பில்லை. இரண்டு கண் மண்ணுக்குள், இரண்டு கண் வெளியில். பாதி மணல், பாதி மக்கிய எரு, நிழல், ஈரம், அவ்வளவுதான். துளிர் வந்துவிட்டது என்று அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள், வேர் அதற்குப் பின்னால்தான் வரும். ஆனி மாதம் வரை பையிலேயே இருக்கட்டும்.

இடம், குழி, பந்தல்

நாள் முழுக்க வெயில் படுகிற இடம். மாமரத்து நிழலில், இரண்டு மாடிக்கு நடுவில் இருக்கிற சந்தில் எல்லாம் வைத்தால் இலை மட்டும்தான் வரும். இது ஏன் என்று சித்திரை வெட்டைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. நம் செம்மண்ணுக்குக் கீழே சீக்கிரமே சரளையோ பாறையோ வந்துவிடும், கடப்பாரையால் முடிந்தவரை உடைத்துவிடுங்கள், தண்ணீர் கீழே இறங்காமல் நின்றால் வேர் அழுகும். மேல்மண்ணோடு இரண்டு கூடை நன்றாக மக்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு, இரண்டு கைப்பிடி சூப்பர் பாஸ்பேட் கலந்து நிரப்பி, ஒரு மழையோ நான்கு குடம் தண்ணீரோ விட்டு மண் அமர்ந்த பின் ஆனி, ஆடியில் நடலாம். இடம் இல்லாதவர்கள் மாடியில் பெரிய டிரம்மிலும் வைக்கலாம், அதற்குத் தண்ணீரும் உரமும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பந்தல் விஷயத்தில் நம் ஊர் கொடுத்துவைத்த ஊர். கிருஷ்ணகிரியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கருங்கல் குவாரி, வேலிக்கு நடுகிற கல்தூண் எளிதாகக் கிடைக்கும். ஒன்பதடித் தூண் நான்கு வாங்கி, இரண்டடி மண்ணுக்குள் போக ஏழடி வெளியில் நிற்கும்படி, பத்தடிக்குப் பத்தடி சதுரமாக நடுங்கள். ஒரு கொடிக்கு அந்த அளவு தாராளம். மேலே சுற்றிலும் தடித்த ஜி.ஐ. கம்பியை இழுத்துக் கட்டி, உள்ளே ஒன்றரை அடிக்கு ஒரு கம்பியாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் போதும். மரக்கம்பு, மூங்கில் போட்டால் கறையான் விடாது, கொடியோ நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருடத்துக்கு மேல் நிற்கக்கூடியது. பந்தலை உங்கள் கை எட்டுகிற உயரத்தில் போடுவது முக்கியம். எட்டவில்லை என்றால் கவாத்து, அதாவது இந்த வெட்டு, தள்ளிப்போகும், கொத்தைச் சீர் பண்ணவும் முடியாது.

முதல் வருடம்: ஒரே தண்டு

நட்டதும் நான்கைந்து துளிர் வரும். பலமானது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அந்த ஒன்றை ஒரு குச்சியில் கட்டிக்கட்டி நேராக மேலே ஏற்றுங்கள், பக்கத்தில் வருகிற துளிர்களையும் கிள்ளிக்கொண்டே வாருங்கள். பச்சையாகச் செழித்து வருவதைக் கிள்ள மனசு வராதுதான், ஆனாலும் கிள்ளுங்கள். நுனி பந்தலுக்கு அரை அடி கீழே வந்ததும் அதையும் கிள்ளிவிட்டால் அதற்குக் கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும். எதிரெதிர்த் திசையில் போகிற இரண்டை மட்டும் பந்தல் கம்பியில் கட்டுங்கள், இவை கைகள். கைகள் ஒரே மூச்சில் ஓடவும் விடக்கூடாது. ஏழெட்டு இலைக்கு ஒரு முறை நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், கொடியும் தடிக்கும். இப்படியே பந்தல் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் கிளை இருக்கும்படி நிரப்புவதுதான் அடுத்த சித்திரை வரைக்கும் வேலை.

இந்த வருடம் ஏதாவது கொத்து எட்டிப் பார்த்தால் பிய்த்துவிடுங்கள்.

சித்திரை வெட்டு

பந்தலில் இருக்கிற ஒவ்வொரு பக்கக் கிளையையும் அடியில் ஒரு கண், அதிகம் போனால் இரண்டு கண் மட்டும் விட்டு வெட்டிவிட வேண்டும். இலை ஒன்றுகூட மிஞ்சாது, பந்தல் மொட்டையாக நிற்கும். "இவ்வளவு ஆசையா வளர்த்துட்டு இப்படி மொட்டையடிக்கலாமாப்பா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். வெட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் துளிர் வந்துவிடும்.

வருகிற துளிர்களில் நெருக்கமானவற்றை எடுத்துவிட்டு, இரண்டு கிளைக்கு நடுவில் வெயில் தரையில் விழுகிற மாதிரி வையுங்கள். இந்த இடத்தில்தான் அடுத்த வருட விளைச்சலே முடிவாகிறது. வெட்டியதிலிருந்து சுமார் 40 முதல் 60 நாளுக்குள் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒரு சின்ன மொட்டுத் திசு உருவாகும். அது கொத்தாகவும் ஆகலாம், கொடி சுற்றிப் பிடித்துக்கொள்கிற வெறும் பற்றுக்கம்பியாகவும் ஆகலாம், இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். அந்தச் சமயத்தில் இலைக்கும் கிளைக்கும் நல்ல வெயில் கிடைத்து, தண்ணீரும் யூரியாவும் அளவாக இருந்தால் கொத்தாகும். கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து நிழலடித்தால், அல்லது தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தால் பற்றுக்கம்பியாகும். கார்த்திகையில் நீங்கள் எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் உள்ளே இல்லாத கொத்து வெளியே வராது.

ஆகவே வெட்டியவுடன் தொழு உரமும் யூரியா மாதிரிக் கொஞ்சம் தழைச்சத்தும் கொடுத்து ஒரு மாதம் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள், அதன் பிறகு தழைச்சத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரையும் பாதியாகக் குறையுங்கள். கிளையில் ஒன்பது இலை வந்ததும் ஏழாவது இலைக்கு மேலே நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே இருந்து ஒரு பக்கத் துளிர் வந்து அதே கிளை போல நீண்டு ஓடும், அதில் ஐந்தாறு இலை வந்ததும் மறுபடி கிள்ளுங்கள். கிள்ளிய இடம் கொஞ்சம் வீங்கி முடிச்சு மாதிரி இருக்கும். அந்த முடிச்சை ஒட்டிய கண்களில்தான் கொத்து அதிகம் உட்காரும் என்பதால், அடையாளம் தெரியாவிட்டால் ஒரு நூலாவது கட்டி வையுங்கள். ஆவணி, புரட்டாசிக்குள் கிளை பச்சை போய்ப் பழுப்பாகிக் கெட்டிப்பட வேண்டும்.

கார்த்திகை வெட்டு

மகாராஷ்டிராவில் அக்டோபரில் வெட்டுகிறார்கள் என்று படித்துவிட்டு நாமும் அப்போதே வெட்டினால் நம் ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்வோம். வெட்டிய இரண்டு வாரத்தில் துளிரும், ஏறக்குறைய 40 நாளில் பூவும் வரும், இரண்டுக்கும் அடைமழை எதிரி. மழை ஓய்ந்து வருகிற கார்த்திகை முதல் பாதி, அதாவது நவம்பர் கடைசியை ஒட்டி, நமக்குத் தோதான நேரம். அப்போது வெட்டினால் நான்கு மாதம் தாண்டிப் பங்குனியில் பழம். ரொம்பத் தள்ளிப்போட்டாலும் சிக்கல், சித்திரையில் மாம்பழச் சமயத்து இடிமழை பெய்தால் பழுத்த பழம் வெடித்துவிடும்.

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பன்னீருக்கு நான்கைந்து கண் விட்டு வெட்டுவது வழக்கம், அந்த ரகம் அடிக்கண்ணிலேயே காய்க்கும். தாம்சன் வகையில் அடியில் இருக்கிற மூன்று நான்கு கண்கள் பெரும்பாலும் வெறும் இலைக்கண்தான், அதனால் ஏழெட்டுக் கண் விட்டு வெட்ட வேண்டும். முடிச்சு போட்ட கிளையாக இருந்தால் முடிச்சுக்கு மேலே ஒரு கண் விட்டு வெட்டினால் சரியாக வரும். அர்கா ரகங்களுக்கு ஐந்தாறு கண் போதும்.

ஒரு கிளையை எடுத்துக்கொள்வோம். அடியிலிருந்து கண்களை எண்ணுங்கள், கையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மிகச் சின்னக் கண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பென்சில் கனம் இருக்கிறதா, நன்றாகப் பழுத்திருக்கிறதா, விரலால் லேசாக வளைத்தால் பச்சைக் கொடி போலத் துவளாமல் எதிர்த்து நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எண்ணிய கடைசிக் கண்ணுக்கு மேலே அரை விரல் அளவு விட்டு, கூர்மையான கத்திரியால் சாய்வாக ஒரே வெட்டு. வெட்டிய இடத்தில் உள்பக்கம் வெளிர்ப் பச்சையாக ஈரமாக இருக்க வேண்டும், பழுப்பாகக் காய்ந்திருந்தால் பச்சை வரும் வரை இறங்கி வெட்டுங்கள். தடித்த கிளைக்கு ஒரு கண் கூட விடலாம். பென்சிலைவிட மெலிந்த கிளையில் காய் எதிர்பார்க்காமல் இரண்டு கண்ணோடு வெட்டிவிடுங்கள், அது அடுத்த முறைக்கு ஆகும். மிச்சம் இருக்கிற இலைகளையும் கையால் உருவிவிடுங்கள். வெட்டுவாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தால் பயப்பட வேண்டாம், கொடி வேர்நீரை மேலே தள்ளுகிறது, நான்கைந்து நாளில் நின்றுவிடும்.

வெட்டிய பிறகு தண்டில் உரிந்து தொங்கும் பழைய பட்டையைத் தேய்த்து எடுத்து, வெட்டிய குச்சிகளோடு சேர்த்து எரித்துவிடுங்கள். புதுக் கண்ணைக் குடைந்து தின்கிற சின்ன வண்டு முட்டை வைப்பது அந்தப் பட்டைக்கு அடியில்தான். துளிர்க்கிற நாட்களில் விடியற்காலையில் கீழே ஒரு பழைய துணியை விரித்துப் பந்தலைக் குலுக்கினால் வண்டுகள் விழும், பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள்.

கிளை நுனியில் இருக்கிற ஒன்றிரண்டு கண்கள் முதலில் வெடிக்கும், அவற்றில்தான் கொத்தும் இருக்கும். நான்கைந்து இலை விட்டதும் கடுகளவு மணிகள் சேர்ந்த குட்டிக் கொத்து தெரியும். கொத்து இல்லாத துளிரில் பாதியைக் கிள்ளிவிடலாம்.

நோய்க்கு மருந்து

திராட்சைக்கு மருந்தே அடிக்காமல் பழம் எடுப்பது கடினம், ஆனால் வீட்டுக்கு நாமே கலக்குகிற போர்டோ கலவையும் கந்தகமும் பெரும்பாலும் போதும். பத்து லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீற்றாத (தண்ணீர் படாத) நல்ல சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் ஐந்து ஐந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தி ஒன்றை ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பாருங்கள், செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம், படியாதவரை சேர்த்துக்கொண்டே வாருங்கள். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். வெட்டிய உடனே மொட்டைக் கொடிக்கு முழு அளவு, இளந்துளிருக்கு இரண்டிலும் பாதி அளவு, பூக்கும்போது வேண்டாம். இது இலையின் மேல் எண்ணெய்ப் பசை போல மஞ்சள் புள்ளியும் அடியில் வெள்ளைப் பூசணமும் வருகிற அடிச்சாம்பல் நோய்க்கு, கறுப்பு வளையத்தோடு குழிப்புள்ளி விழும் பறவைக்கண் நோய்க்கும். இலை மேல் மாவு தூவியது போல் வருகிற சாம்பல் நோய்க்கு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம், வெயில் தாழ்ந்த பிறகு.

மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள், அதைப் பந்தலுக்குத் தூக்கிப்போவதே எறும்புதான். தண்டைச் சுற்றி ஒரு துணி கட்டி அதன்மேல் கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. ஏற்கெனவே ஏறியதற்கு மீன் எண்ணெய் சோப்புக் கரைசல். பழம் பறிப்பதற்கு ஒரு மாதம் முன்பே எல்லா மருந்தையும் நிறுத்திவிடுங்கள், குழந்தைகள் பந்தலுக்குக் கீழே நின்றே பறித்துத் தின்பார்கள்.

கொத்து

முதல் காய்ப்பில் பத்துப் பன்னிரண்டு கொத்துக்கு மேல் வைக்காதீர்கள். அடுத்தடுத்த வருடங்களில் ஒரு கிளைக்கு ஒரு கொத்து. காய் மிளகு அளவு வந்ததும் சின்னக் கத்திரியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், கொத்தின் அடிநுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, பக்கக் காம்புகளில் ஒன்று விட்டு ஒன்றை எடுத்துவிடுங்கள். நூறு காய் இருந்தால் ஒரு கொத்துக்குப் போதும்.

கடையில் பார்க்கிற நீளமான பெரிய பழம் வரவில்லையே என்று நினைக்க வேண்டாம். காயைப் பெருக்க வைக்கும் ஜிப்ரலின் என்ற ஊக்கியை விதைதான் சுரக்கும், விதை இல்லாததால் இந்தப் பழம் இயல்பிலேயே சிறியது. தோட்டக்காரர்கள் கொத்தை ஜிப்ராலிக் அமிலக் கரைசலில் முக்கி நீட்டுகிறார்கள். வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து, காயைக் கலைத்துவிட்டாலே ஓரளவு பெருக்கும், சுவை எங்கும் போகாது.

பூ முடிந்ததிலிருந்து சாம்பல்சத்து வேண்டும். பொட்டாஷில் சல்பேட் வகையைக் கேட்டு வாங்குங்கள், சாதாரண மியூரியேட்டில் இருக்கிற குளோரைடு திராட்சைக்கு ஆகாது, ஏற்கெனவே உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். மாசியில் வெயில் ஏறும்போது கொத்தை மறைக்கிற இலைகளை, அதுவும் மேற்குப் பக்கத்து இலைகளைக் கிள்ளாதீர்கள், பழம் வெந்துவிடும். நிறம் மாறத் தொடங்கியதும் அணில், கொண்டைக்குருவி, ராத்திரியில் வௌவால் எல்லாம் வரும், பந்தலைச் சுற்றி வலை கட்டலாம் அல்லது கொத்துக்கு ஒரு காகிதப் பை மாட்டலாம்.

பறிப்பதற்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரைக் குறைத்தால் இனிப்பு ஏறும். திராட்சை பறித்த பின் பழுக்காது, ஆகவே கொத்தின் மேலே இருக்கிற பழத்தைத் தின்றுவிட்டு முடிவு செய்யாதீர்கள், கடைசியாகப் பழுப்பது அடிநுனிப் பழம், அது இனித்தால் கொத்து தயார். காலையில் வெயில் ஏறுமுன் காம்போடு கத்திரியால் வெட்டுங்கள், கழுவாமல் எடுத்து வையுங்கள், தின்கிறபோது கழுவிக்கொள்ளலாம். எல்லாக் கொத்தும் இறங்கியதும் இரண்டு கூடை எரு போட்டுத் தண்ணீர் விட்டு, இலையை அப்படியே இரண்டு மூன்று வாரம் விட்டுவையுங்கள். காய்த்துக் களைத்த கொடி அந்த இலைகளை வைத்துத்தான் வேரிலும் தண்டிலும் மறுபடி சத்துச் சேர்க்கும், அதற்குப் பிறகு சித்திரை வெட்டுக்குக் கத்திரியை எடுக்கலாம்.